உருளைக்கிழங்கு வயலில் முளைத்த 17,000 வீடுகள்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கையில் ஒரு நோட்டீஸோடு வந்தாங்க. பைபாஸ் ரோட்டோரம் கலர் கொடி நட்டு, கல் ஊன்றி, மாதத் தவணையில் மனை தர்றோம் என்று அச்சடித்த நோட்டீஸ். "மேடம், குழுவில் உள்கடன் வாங்கி இதில் கட்டலாமா?" என்று கேட்டாங்க. அன்றைக்கு நேரம் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு மனுஷன் கதையைச் சொல்றேன், அதைக் கேட்டுவிட்டு நாம் பேசுவோம் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கதைதான் இது. அமெரிக்கக் கதை. அங்கே எல்லாம் பணக்காரங்க, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீங்க. ஒண்ட இடம் இல்லாமல் மாமியார் வீட்டுத் திண்ணையில் படுத்தவங்க அங்கேயும் இருந்திருக்காங்க.

அவர் பெயர் வில்லியம் லெவிட். 1907-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஆபிரகாம் லெவிட், சொத்து வழக்குகள் பார்த்த வக்கீல். தம்பி ஆல்ஃபிரட் வீட்டு வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர். முறையாகப் படித்து வந்த பொறியாளர் இல்லை, தானாகக் கற்றுக்கொண்டவர். நம்ம வில்லியம் கல்லூரியைப் பாதியில் விட்டவர். ஆனால் பேச்சும் கணக்கும் அவரிடம் இருந்தது. 1929-ல் மூன்று பேரும் சேர்ந்து 'லெவிட் அண்ட் சன்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தாங்க. முதலில் கட்டியது வசதியானவங்களுக்கான வீடுகள்தான்.

1941-ல் ஒரு பெரிய அரசு ஒப்பந்தம் கிடைத்தது. வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற துறைமுக ஊர். இரண்டாம் உலகப் போருக்காக வேலை செய்த தொழிலாளர்களுக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல் வீடு கட்டித் தரணும், அதுவும் சீக்கிரமாக. பழைய முறையில் ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள் என்று ஒவ்வொரு வீடாகக் கட்டினால் எந்தக் காலத்தில் முடியும்? ஆரம்பத்தில் ரொம்பத் தடுமாறினாங்க. பிறகு வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டாங்க. அந்தப் பாடம்தான் பின்னாளில் அவரை உலகம் பேச வைத்தது. அதன்பிறகு வில்லியம் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் சேர்ந்து போருக்குப் போனார்.

1945-ல் போர் முடிந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊர் திரும்பினாங்க. கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்தது, வீடு மட்டும் இல்லை. பதினைந்து வருஷமாக, முதலில் பஞ்சம் மாதிரி வந்த பொருளாதார வீழ்ச்சி, அப்புறம் போர் என்று அந்த நாட்டில் யாரும் அதிகமாக வீடு கட்டவில்லை. சிகாகோ நகரத்தில் பழைய டிராம் பெட்டிகளைக்கூட வீடாக விற்றிருக்காங்க. ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், இவங்க, கைக்குழந்தை. அந்த நிலைமை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியது இல்லை.

லெவிட் குடும்பம் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்ட் என்ற பகுதியில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கியது. அந்த வயல்களில் வேரைத் தாக்குகிற ஒரு நூற்புழு பரவியிருந்தது. விளைச்சல் போச்சு, விவசாயிகள் நிலத்தைக் கைமாற்றத் தயாராக இருந்தாங்க. மண்ணுக்கு நோய் வந்த நேரம் பார்த்து நிலம் வாங்க ஆள் வருவது நம்ம பக்கத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, பாருங்க.

1947 மே மாதம், 2,000 வாடகை வீடுகள் கட்டப்போகிறோம், போரிலிருந்து வந்தவங்களுக்குத்தான் என்று அறிவித்தாங்க. ரெண்டே நாளில் பாதி வீடுகளுக்கு ஆள் பதிந்தாச்சு. மாத வாடகை 60 டாலர். ஒரு தடங்கல் வந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டாயம் இருக்கணும். லெவிட்டோ செலவைக் குறைக்க, நிலவறை இல்லாமல் தரையில் நேராகக் கான்கிரீட் போட்டுக் கட்ட நினைத்தார். ஊர் நிர்வாகம் விசாரணைக் கூட்டம் வைத்தது. முன்னாள் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து மண்டபத்தை நிறைத்துவிட்டாங்க. சட்டம் மாறியது. கிராம சபைக்கு எதுக்கு எல்லாரும் போகணும், ரெண்டு பேர் போனால் போதாதா என்று கேட்கிறவங்களிடம் இதைச் சொல்லுங்க.

அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் 300 குடும்பங்கள் குடியேறின. 1951-க்குள் மொத்தம் 17,447 வீடுகள். ஊருக்கே லெவிட்டவுன் என்று அவங்க பெயரையே வைத்துக்கொண்டாங்க.

எப்படி இவ்வளவு வேகம்? கார் தொழிற்சாலையில் வேலையாள் ஒரே இடத்தில் நிற்பார், கார் நகர்ந்து வரும். இங்கே வீடு நகராது, அதனால் ஆளை நகர்த்தினார். வீட்டு வேலையை 27 பகுதியாகப் பிரித்தார். கான்கிரீட் போடுகிறவர் அதை மட்டும் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போவார். பின்னால் சட்டம் அடிக்கிறவர் வருவார். வெள்ளைப் பெயிண்ட் அடிக்க ஒருத்தர், சிவப்புப் பெயிண்ட் அடிக்க இன்னொருத்தர். லாரி வந்து 60 அடிக்கு ஒரு தடவை ஒரு வீட்டுக்கான மரம், ஓடு, குழாய் எல்லாவற்றையும் கட்டாக இறக்கிவிட்டுப் போகும். கலிபோர்னியாவில் சொந்த மர வேலைத்தளம், ஆணிகூடச் சொந்தத் தயாரிப்பு. இடைத்தரகருக்குப் போகிற காசு மிச்சம். நாம் மசாலாப் பொடிக்கு மிளகாயை நேராகச் சந்தையில் மொத்தமாக எடுத்தபோது நமக்கு மிச்சமானது போலத்தான். வேலை நன்றாக ஓடிய காலத்தில் ஒரு நாளைக்கு 30 வீடு முடிந்தது. தொழிற்சங்கத்தை மட்டும் உள்ளே விடவில்லை. கூலியை நாள் கணக்கில் கொடுக்காமல், முடித்த வேலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்.

வீடு எப்படி இருந்தது என்று கேட்பீங்க. முதலில் கட்டிய வீடு 750 சதுர அடி. ரெண்டு படுக்கை அறை, ஒரு குளியல் அறை, முன்பக்கமே அடுப்படி. மேலே பரணை முடிக்காமல் விட்டிருந்தாங்க. கையில் காசு சேர்ந்தால், குடும்பம் பெருகினால், நீங்களே அறையாக மாற்றிக்கொள்ளலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மனை 60-க்கு 100 அடி. நம்ம கணக்கில் பதினாலு சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்பும் குளிர்பெட்டியும் வீட்டோடு சேர்த்தே வந்தது. 1949-ல் விற்பனைக்குக் கட்டிய வீட்டில் துணி துவைக்கிற மெஷினும் இருந்தது. அதன் விலை 7,990 டாலர். முன்னாள் படைவீரர் என்றால் முன்பணம் கிடையாது, மாதம் 58 டாலர் கட்டினால் போதும். அதாவது முன்னால் வாடகையாகக் கொடுத்ததைவிடக் குறைவு!

இதில் ஒன்றைக் கவனிக்கணும். இவ்வளவும் லெவிட்டின் சாமர்த்தியம் என்று பத்திரிகைகள் எழுதின. 1950-ல் 'டைம்' பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. சாமர்த்தியம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னால் நின்றது அரசாங்கம். 1944-ல் படைவீரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அவங்க வாங்குகிற வீட்டுக் கடனுக்கு அரசே ஜாமீன் நின்றது. அதனால்தான் வங்கிகள் முன்பணம் இல்லாமல், நீண்ட தவணையில் கடன் கொடுத்தன. நம்ம குழுக்களுக்கு வங்கிக்காரங்க நாற்காலி போட்டு உட்கார வைப்பதும் சும்மா இல்லையே, பின்னால் ஒரு திட்டம் இருப்பதால்தானே?

அந்தக் கடன் யார் பேரில்? பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரில். மனைவி வேலைக்குப் போனாலும், குழந்தை பிறந்தால் நின்றுவிடுவாள் என்று சொல்லி அவள் சம்பளத்தைக் கடன் தகுதியில் பல வங்கிகள் முழுசாகச் சேர்க்க மாட்டாங்க. பெண் என்பதற்காகவோ, கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974-ல்தான். நிலவுக்கு ஆள் அனுப்பி அஞ்சு வருஷம் கழித்து! இங்கே கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நம்ம பாட்டிமார்கள் வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கையெழுத்துப் போட்டதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கு.

லெவிட்டவுனில் கட்டுப்பாடுகளும் உண்டு. வேலி போடக் கூடாது. புல்லை வாரம் ஒரு முறை வெட்டணும். துணி காயப்போட நிரந்தரமாகக் கயிறு கட்டக் கூடாது. குடை மாதிரி விரிகிற மடக்குக் கம்பியில்தான் போடணும், அதுவும் சனி ஞாயிறில் கூடாது. (சிரிக்காதீங்க, உண்மைதான்.) கொல்லையில் பழமரங்கள் வைத்துக் கொடுத்தது அப்பா ஆபிரகாம். செடி கொடி என்றால் அவருக்கு உயிர்.

இனி சொல்லப்போவது கசப்பான பகுதி. இதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

அந்த வாடகைப் பத்திரத்தில் 25-ஆவது நிபந்தனை என்று ஒன்று இருந்தது. வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரராக வேண்டுமானால் இருக்கலாம். படித்துப் பாருங்க, எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பாத்திரம் தேய்க்க உள்ளே வரலாம், குடியிருக்க முடியாது. அதே போரில் சண்டை போட்டு வந்த கறுப்பின வீரருக்கும் இதே கதைதான். அந்த நாட்டு அரசின் வீட்டுக்கடன் அமைப்பும் அப்போது இந்தப் பிரிவினையைத்தான் ஆதரித்தது. 1948-ல், இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனை காகிதத்திலிருந்து போனது. நடைமுறையில் போகவில்லை. 1960-லும் லாங் ஐலண்ட் லெவிட்டவுனில் இருந்தவங்க ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர்கள்தான். 

லெவிட் என்ன சொன்னார் தெரியுமா? நான் யூதன், என் மனதில் இன வெறுப்பு இல்லை, ஆனால் ஒரு கறுப்புக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளைக்காரங்க வாங்க மாட்டாங்க, வியாபாரம் போய்விடும் என்ற கருத்தில் பேசினார். எனக்கு ஒன்றும் இல்லை, ஊர்தான் ஒத்துக்காது என்று சொல்கிறவங்களை நாமும் பார்த்திருக்கோம். தனிக் குவளை வைத்த டீக்கடைக்காரரும் இதைத்தான் சொல்வார். அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. 17,000 வீட்டுக்கு வரிசையில் ஆள் நின்ற காலம் அது. ஒரு சொல் அவர் சொல்லியிருக்க முடியும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ரெண்டாவது லெவிட்டவுன் கட்டினார். அங்கேயும் 17,000-க்கு மேல் வீடுகள். 1957 ஆகஸ்ட் மாதம், அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கி ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தது. வில்லியம் மையர்ஸ், அவர் மனைவி டெய்சி மையர்ஸ், மூன்று சின்னப் பிள்ளைகள். அவரும் போரில் பணி செய்தவர். டெய்சி ஆசிரியைக்குப் படித்தவர். சேதியைத் தபால்காரரே வீடு வீடாகப் பரப்பினார். அன்று சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர். கல்லெறிந்து ஜன்னலை உடைத்தாங்க. மாநிலப் போலீஸ் வரவேண்டியிருந்தது, போலீஸ்காரர் ஒருவருக்கே கல்லடி பட்டது. பின்பக்கத்தில் காலியாக இருந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு, அடிமை முறையை ஆதரித்தவங்களின் கொடியை ஏற்றி, ராத்திரி பகலாகப் பாட்டை அலறவிட்டாங்க. இப்படி வாரக்கணக்கில்.

டெய்சி போகவில்லை. பக்கத்து வீட்டு யூதக் குடும்பமும், வேறு சில அக்கம்பக்கத்தினரும் துணை நின்றாங்க. சிலர் வந்து வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தாங்க, சிலர் ராத்திரி காவலுக்கு உட்கார்ந்தாங்க. கடைசியில் மாநில அரசு நீதிமன்றம் போய்க் கலகக்காரர்களுக்குத் தடை வாங்கியது. அந்தக் குடும்பம் அதே வீட்டில் நாலு வருஷம் இருந்துவிட்டுத்தான் வேறு ஊர் போனது. டெய்சி பிறகு பள்ளித் தலைமை ஆசிரியராக ஆனார், நடந்ததைப் புத்தகமாகவும் எழுதினார், 2011-ல் காலமானார். நியூஜெர்சியில் லெவிட் கட்டிய மூன்றாவது ஊரில், 1960-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொன்னபிறகுதான் கதவு திறந்தது. உண்மையைச் சொன்னால், இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆள் வில்லியம் லெவிட் இல்லை, டெய்சி அம்மாதான். ஆனால் பேசுவதாகச் சொன்னது அவரைப் பற்றி. மீதியையும் சொல்லி முடிக்கிறேன்.

1968-ல் ஐ.டி.டி. என்ற பெரிய நிறுவனத்துக்குத் தன் கம்பெனியை 92 மில்லியன் டாலருக்கு விற்றார். நம்ம கணக்கில் ஒன்பது கோடியே இருபது லட்சம் டாலர். ஆனால் கைக்கு வந்தது ரொக்கம் இல்லை. பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பங்குப் பத்திரங்கள். பத்து வருஷத்துக்கு அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் செய்யக் கூடாது என்றும் ஒப்பந்தம். 61 வயதில், தெரிந்த ஒரே தொழிலை எழுதிக் கொடுத்துவிட்டார். 30 அறை மாளிகை, மூன்றாவது மனைவி பேரில் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் என்று வாழ்ந்தார். ஈரான், வெனிசுலா, நைஜீரியா என்று வெளிநாடுகளில் தொழில் ஆரம்பிக்க, அந்தப் பங்குகளை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கினார்.

நகையை அடகு வைக்கிறோம். தங்கம் விலை திடீரென்று பத்தில் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும்? நகையும் போச்சு, கடனும் நிற்கும். அதுதான் நடந்தது. சில வருஷத்தில் அந்தப் பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

தடைக்காலம் முடிந்ததும் புளோரிடாவில் மறுபடி ஊர் கட்டக் கிளம்பினார். லெவிட் என்ற பெயரை நம்பி மக்கள் முன்பணம் கட்டினாங்க. பல பேருக்கு வீடு வரவில்லை. பணம் வேறு செலவுக்குப் போயிருந்தது. அதோடு நிற்கவில்லை. தன் குடும்பத்தின் தர்ம அறக்கட்டளையில் இருந்த பணத்தையும் எடுத்துச் சொந்தத் தேவைக்குத் திருப்பிவிட்டார். நியூயார்க் மாநில அரசு வழக்குப் போட்டது, பல மில்லியன் டாலர் திருப்பிக் கட்டணும் என்று ஆனது.

இந்த இடத்தில்தான் நம்ம அக்கா கேட்ட கேள்வி வருது. நான் எட்டாவது படிக்கும்போது எங்க அம்மா ஒரு மனைக்கு மாதாமாதம் தவணை கட்டினாங்க. முப்பத்தி நாலு தவணை. ஒரு நாள் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்ட்டாங்க. அம்மாவிடம் மிச்சம் இருந்தது ஒரு மஞ்சள் அட்டை, அதில் முப்பத்தி நாலு சீல். இன்றைக்கும் பீரோவில் இருக்கு. அம்மா அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று நான் கேட்டதில்லை.

அப்போது கேட்க ஆள் இல்லை. 2016-ல் நம் நாட்டில் மனை வணிகத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால் அதைப் பதிவு செய்யணும், பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. வாங்குகிறவங்க கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்த இடத்துக்கும் வேலைக்கும் மட்டும்தான் எடுக்கணும். அந்த அக்கா காட்டின நோட்டீஸை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு பக்கமும் பார்த்தேன். பதிவு எண் இல்லை. அங்கீகார எண்ணும் இல்லை. நடிகர் படம் மட்டும் பெரிதாக இருந்தது. அதனால் அக்கா, என் பதில்: வேண்டாம். வேறு இடம் பார்த்தாலும் முதலில் பதிவு எண், பிறகு வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம். அதைப் பார்க்க நான் கூட வர்றேன். குழுவின் உள்கடனை வாங்கி, கிரயம் ஆகாத மனைக்குத் தவணை கட்டாதீங்க. தவணை தவறினால் அங்கே மனை போகும், இங்கே பத்தொன்பது பேருக்குப் பதில் சொல்லணும்.

வில்லியம் லெவிட் 1994 ஜனவரியில், 86 வயதில், சிறுநீரக நோயில் இறந்தார். வசதியாக இருந்த காலத்தில் அவர் பெரிய நன்கொடை கொடுத்திருந்த அதே மருத்துவமனையில் இறந்தார். அவர் 8,000 டாலருக்கு விற்ற வீடுகள் இப்போதும் நிற்கின்றன. பரணை அறையாக்கி, பக்கத்தில் இழுத்துக் கட்டி, ஒன்று போல் இன்னொன்று இல்லாத அளவுக்கு மாற்றிவிட்டாங்க. இன்று பல லட்சம் டாலருக்குக் கைமாறுகின்றன.

பின்வரிசையில் ஒரு பாட்டி கை தூக்குறாங்க. "அந்தத் தர்மப் பணத்தை அவர் எடுத்தபோது கணக்குக் கேட்க யாரும் இல்லையா தாயி?" என்று கேட்கிறாங்க. இருந்தாங்க பாட்டி, ஆனால் கேட்டது ரொம்ப நாள் கழித்து. நல்ல நேரத்தில் கேட்டீங்க, ஏனென்றால் அடுத்து நம்ம கூட்டமைப்பின் தணிக்கை அறிக்கையைப் பொருளாளர் வாசிக்கப்போறாங்க. டீ வந்திருக்கு, குடித்துக்கொண்டே கேளுங்க, யாரும் எழுந்து போகாதீங்க. மைக்கை அவங்களிடம் கொடுக்கிறேன்.